மற்றும் கோரஸ்

எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் பாடுகிற இன்னிசைக் குழுவைப் பார்க்காதவர்கள் யாரும் இல்லை. ஆனால் மேடையில் யார் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பாடுகிறவனைப் பார்ப்பார்கள், பாடுகிறவளின் சேலையைப் பார்ப்பார்கள், பந்திக்கு இடம் பிடிக்கப் போய்விடுவார்கள். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் நான் சொல்ல வந்தது புரியாது.

டிரம்ஸ், தபலா, டோலக் மூன்றும் தாளம். தாளம் தப்பினால் மடியில் இருக்கும் குழந்தைகூடத் திரும்பிப் பார்க்கும். புல்லாங்குழல், வயலின், லீட் கித்தார் ஆகியவை பாட்டோடு பேசுகிற வாத்தியங்கள். பாடுகிறவர் மூச்சு விடும் இடத்தில் அவை பேச வேண்டும், அவர் வாயைத் திறந்ததும் இவை மூடிக்கொள்ள வேண்டும். இந்த ஒழுங்கு தெரியாத வயலின்காரன் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் அவனை வைத்துக்கொள்ள மாட்டார்கள். கீபோர்டு எல்லா வாத்தியமாகவும் மாறும். பொத்தானை அழுத்தினால் புல்லாங்குழல், இன்னொன்றை அழுத்தினால் வீணை. எங்கள் தொழிலில் அதற்கு டோன் என்று பெயர்.

பேஸ் கித்தார் நான் வாசித்தது. நான்கு தடித்த கம்பிகள். அது காதில் கேட்காது, வயிற்றில் கேட்கும். வாசிக்கும்வரை யாரும் கவனிக்க மாட்டார்கள். நிறுத்தினால் பந்தல் காலை உருவியது போல் இருக்கும். அதை நான் ஆசைப்பட்டுக் கற்கவில்லை. குழுவில் வேறு யாரும் எடுக்காமல் மூலையில் கிடந்தது, எடுத்தேன். வார நாட்களில் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை, முகூர்த்த நாட்களில் பேஸ்.

கடைசியாகக் கோரஸ். மேடையின் பின் வரிசையில் ஒரே மைக்கைச் சுற்றி மூன்று பெண்கள் நிற்பார்கள். பாட்டின் வரிகள் அவர்களுக்குக் கிடையாது. நடுவில் வரும் ‘ஆ’, ‘ஓ’, ‘லலலா’ மட்டும்தான். தனிக் குரலாகத் தெரிந்தால் அது தப்பு. மூன்று பேரும் ஒரே ஆள் போலக் கேட்க வேண்டும், அந்த ஒரே ஆளும் யாரென்று தெரியக் கூடாது. பாடத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய கொடுமை. குரலில் கொஞ்சம் நெளிவு, கொஞ்சம் குழைவு இருந்தாலும் வெளியே போகச் சொல்லிவிடுவார்கள்.

என் தங்கையின் குரலில் நெளிவே இருக்காது. பிடித்தால் கம்பி போல நேராக நிற்கும். அதனால் அவள் கோரஸில் சேர்ந்தாள். என்னைவிட ஆறு வயது சின்னவள். நான்தான் சேர்த்துவிட்டேன். முன் வரிசைக்கு வர வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது. நான்கு வருடத்தில் ஒரு பாட்டுக்கூட அவளுக்குத் தரவில்லை. அவள் கேட்கவும் இல்லை. வேனில் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டு வருவாள். அவள் ஏறாத நாளில் அந்த வேன் துக்க வீட்டுக்குப் போவது போல இருக்கும்.

குழுவை நடத்தியவர் கீபோர்டுக்காரர். கெட்டிக்காரர். முதலில் புல்லாங்குழல்காரரை நிறுத்தினார், அதைக் கீபோர்டில் வாசித்தார். பிறகு வயலின்கள் இரண்டும் போயின. கல்யாண வீட்டுக்காரர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் பட்டறைக்கே என்னைத் தேடி வந்தார். எதிரில் டீக்கடையில் நின்று பேசினோம். இடது கையிலேயே பேஸ் வாசிக்க முடிகிறது என்றார். உன்னை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை என்றார். அடுத்து, கடையில் வாங்கும் கோரஸ் டோன்கள் வெள்ளைக்காரிகள் பாடியது, நம் பாட்டுக்கு ஒட்டவில்லை என்றார். நேரான குரல் ஒன்று இருந்தால், ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகப் பதிந்து கீபோர்டின் கட்டைகளில் ஏற்றிவிடலாம். உன் தங்கச்சியை ஒரு மத்தியானம் கூட்டி வா, உன் இடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

எனக்குப் புரியாமல் இல்லை. இதைப் படிப்பவர்கள் யாரும் எனக்காக அப்படி நினைத்துக்கொள்ள வேண்டாம். அவளுடைய இடம் போகும், என்னுடைய இடம் நிற்கும் என்று டீயை முடிப்பதற்குள் எனக்குத் தெரியும். அவளிடம் போய், பக்திப் பாட்டு ஆல்பம் ஒன்றுக்குக் கோரஸ் ரெக்கார்டிங் இருக்கிறது என்று சொன்னேன்.

அவள் தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, பிளாஸ்க்கில் சுடுதண்ணீரோடு வந்தாள். கீபோர்டுக்காரர் வீட்டு மாடியில் ஓர் அறை. சத்தம் வராமல் இருக்கச் சுவரெல்லாம் மெத்தைகளைச் சாய்த்து, ஜன்னலில் பழைய போர்வைகளைத் திணித்திருந்தார். சத்தம் விழும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். பாட்டு எங்கே என்று அவள் கேட்டாள். பாட்டு அப்புறம், முதலில் சுரம் மட்டும் என்றார் அவர். ஒரு கட்டையை அழுத்துவார். அவள் அந்தச் சுரத்தில் ‘ஆ’ என்று ஆறு விநாடி பிடிக்க வேண்டும். கீழிருந்து மேலே, கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு ஸ்தாயி. ஒவ்வொன்று முடிந்ததும் “போதுங்களா?” என்று கேட்பாள். அவர் அடுத்தது என்பார். நான் தரையில் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு முறை என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். என்னண்ணா இது என்று கேட்பது போல. நான் பிளாஸ்க்கைத் திறந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாள்: “பாட்டே இல்லாத ரெக்கார்டிங்க இன்னைக்குத்தாண்ணா பாக்கறேன்.”

அதெல்லாம் கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொள்வார்கள் என்றேன்.

அடுத்த முகூர்த்தத்துக்கு அவளை அழைக்கவில்லை. அவளுக்கு யாரும் சொல்லவும் இல்லை. சொல்ல வேண்டியவன் நான். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அவள் தேதியைத் தெரிந்துகொண்டு வழக்கமான பஸ் ஸ்டாப்பில், வழக்கமான நேரத்தில், முகத்துக்குப் பவுடர் போட்டு, பூ வைத்து நின்றாள். வேன் நிற்காமல் போனது. பிற்பகல் மூன்று மணி வெயில். அவள் கையைத் தூக்கியது எனக்குத் தெரிந்தது. நான் ஜன்னல் ஓரத்தில் இருந்தேன். குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன். அன்று நான் போட்டிருந்தது செருப்பு.

அவள் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு வாரம் பேசவில்லை, அவ்வளவுதான். பிறகு காந்திபுரத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். நாள் முழுக்க நிற்கும் வேலை. அடுத்த வருடம் அவளுக்குக் கல்யாணம் ஆனது. அந்தக் கோரஸ் டோன் நன்றாக அமைந்துவிட்டது. ஒரே குரலை மூன்று நான்கு அடுக்காக்கி, ஒவ்வொன்றையும் மயிரிழை முன்பின் தள்ளி வைத்தால் பத்துப் பெண்கள் பாடுவது போலக் கேட்கும். கீபோர்டுக்காரர் தன் நண்பர் ஒருவருக்குக் கொடுத்தார். நண்பர் இன்னொருவருக்கு. பென் டிரைவில் ஏறி அது ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி என்று போய்விட்டது. அவளுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. எப்படி என்று நான் கேட்கவில்லை. ஒரு தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவள் முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னாள்.

“இன்னைக்கு மூணு மண்டபத்துல பாடிட்டிருக்கறனுங்ண்ணா. வேன்ல சீட்டும் வேண்டாம், டிபனும் வேண்டாம். என்னையாட்டம் பாட்டுக்காரி கெடைக்குமா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எனக்குக் கொடுத்த வாக்கையும் கீபோர்டுக்காரர் ஒன்றரை வருடம்தான் காப்பாற்றினார். பிறகு பேஸும் அவருடைய இடது கைக்குப் போனது. நான் பட்டறையோடு நின்றுவிட்டேன். அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. புகார் சொல்ல எனக்கு வாய் கிடையாது.

தங்கை மஞ்சள் காமாலையில் இறந்தாள். பத்து நாள். முதல் ஐந்து நாள் கீழாநெல்லி, அடுத்த ஐந்து நாள் ஆஸ்பத்திரி. அவள் மகளுக்கு அப்போது மூன்று வயது.

நாற்பது நாள்கூட ஆகவில்லை. பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு கோவில் கும்பாபிஷேகம். ஒலிபெருக்கிக் குழாய் எங்கள் பட்டறையைப் பார்த்தே கட்டியிருந்தார்கள். காலை பதினோரு மணிக்கு லேத்தில் நிற்கிறேன், ‘ஆ’ என்று வந்தது. பத்துப் பெண்கள். பத்துப் பேரும் அவள். நான் மெஷினை நிறுத்தவில்லை. கடைசலில் இருந்த ஷாஃப்ட் அளவுக்குக் கீழே போய் வீணானது. முதலாளி திட்டினார்.

அதற்குப் பிறகு எங்கே வரும் என்று சொல்ல முடியாது. அன்னூர் போகும் பஸ் ஜன்னலில், சிக்னலில் நிற்கும்போது பக்கத்து மண்டபத்திலிருந்து, கட்சிக் கூட்டத்தில் தலைவர் வருவதற்கு முன்னால். செத்தவர்கள் கனவில் வருவார்கள் என்று சொல்வார்கள். கனவென்றால் விழித்துக்கொள்ளலாம். இது பட்டப்பகலில், வடை சாப்பிடும்போது வரும். சுற்றி இருப்பவர்கள் தட்டில் சட்னி கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது ஒன்று நடந்தது. காந்திபுரத்தில் சொந்தக்காரர் வீட்டு வரவேற்பு. குழுவில் கீபோர்டு வாசித்தவன் எனக்குத் தெரியாத இளைஞன். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு நடந்து வருகிறார்கள். கூட்டத்தில் மெதுவாகத்தான் வர முடிந்தது. அவர்கள் ஏறும்வரை அவன் கோரஸ் டோனில் விரல்களை எடுக்காமல் அழுத்திப் பிடித்திருந்தான். பிடித்தால் குரல் முடிவில்லாமல் சுற்றிச் சுற்றி வர வேண்டும். அதற்காக ஒவ்வொரு பதிவின் வாலையும் வெட்டிச் சேர்ப்பார்கள். ஒரே ஒரு கட்டையில், மேல் ஸ்தாயி ஜி ஷார்ப்பில், எங்கள் கீபோர்டுக்காரர் வெட்ட மறந்திருக்கிறார். யாரும் ஆறு விநாடி அதைப் பிடித்ததில்லை. அன்று இவன் பிடித்தான். ‘ஆ’ முடிந்து, “போது” என்றது. மறுபடி ‘ஆ’, மறுபடி “போது”. நான்கு முறை. அறுநூறு பேர் இருந்த மண்டபத்தில் யாரும் திரும்பவில்லை. நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். மொய்க்கவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

தங்கை கணவர் மறுமணம் செய்துகொண்டு திருப்பூர் போய்விட்டார். நல்ல மனிதர்தான். மகள் அங்கே வளர்ந்து, இப்போது சரவணம்பட்டியில் ஒரு கல்லூரியில் படிக்கிறாள். விடுதிச் சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை என்று ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவாள். தாயின் முகம் இல்லை. தாயின் வாய் உண்டு. என் மனைவி கறிக்குழம்பு வைத்தால், “அத்தை, இத விடுதிக்காரங்களுக்குக் காட்டாதீங்க, தூக்குப் போட்டுக்குவாங்க” என்பாள்.

ஒரு ஞாயிறு, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து என்னிடம் கேட்டாள்.

“மாமா, அம்மா பாடுனது எங்காச்சும் இருக்குதுங்களா?”

பழைய கல்யாண சிடி ஒன்று என்னிடம் இருந்தது. போட்டுக் காட்டினேன். பின் வரிசையில் மூன்று பெண்கள். படம் மங்கல். சத்தத்தில் மூன்று குரலும் ஒன்றாகக் கிடந்தது. இதில் அம்மா குரல் எது என்று கேட்டாள். பிரிக்க முடியாது கண்ணு என்றேன். அது உண்மைதான். வேறு எங்கும் இல்லையா என்றாள். இல்லை என்றேன். அது பொய்.

அவள் தாய் தனியாகப் பாடிய பதிவு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். இரண்டு ஸ்தாயி சுரங்களும் ஒரு பாதி வார்த்தையும். அதைக் காட்டினால், இது எப்படி எடுத்தது என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். பதில் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை வருவாளா என்று தெரியாது. எங்களுக்குக் குழந்தை இல்லை. இதையும் எழுதிவிட வேண்டும், ஏனென்றால் நான் எட்டு மாதம் வாயை மூடியிருந்ததற்கு வெட்கம் மட்டும் காரணம் இல்லை.

எட்டு மாதமும் அவள் வேறு வேறு ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தாள். பழைய கல்யாண ஆல்பங்கள், வீடியோக்காரர்கள், துணிக்கடையில் உடன் வேலை பார்த்தவர்கள். ஒவ்வொரு ஞாயிறும் வந்து, இந்த வாரமும் கிடைக்கவில்லை என்று என்னிடமே சொல்வாள். நானும் அப்படியா என்பேன். ஒரு வாரம், செல்போனில் ஏதோ பாடகியின் பழைய பேட்டியைப் போட்டுக் கேட்டு, அம்மா குரல் இப்படி இருக்குமா, இந்த அளவுக்குக் கனமாக இருக்குமா என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அடுத்த ஞாயிறு கீபோர்டுக்காரர் வீட்டுக்குப் போவோம், அங்கே இருக்கிறது என்றேன். எட்டு மாதமாக ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அதே மாடி அறை. இப்போது ஏசி போட்டிருந்தார். சுவரில் மெத்தைகளுக்குப் பதில் கடையில் வாங்கிய ஸ்பாஞ்ச். கீபோர்டுக்காரர் பெருத்திருந்தார், தலைக்குச் சாயம். அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். “வாங்கம்மணி, உக்காருங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, உள்ளே காப்பி சொல்லிவிட்டு வந்தார். டோனைப் போட்டுக் கட்டைகளை அழுத்தினார். பத்துப் பெண்கள் ‘ஆ’ என்றார்கள்.

அவள் கேட்டுவிட்டு, “இதுல எங்கம்மா யாருங்க?” என்றாள்.

எல்லாரும் அம்மாதான் என்று விளக்கினார்.

“ஒருத்தரு மட்டும் கேக்கற மாதிரி வெக்க முடியுங்களா?”

ஏதேதோ பொத்தான்களை அணைத்தார். அடுக்குகள் போயின, எதிரொலி போனது. ஒரு கட்டையை அழுத்தினார். மின்விசிறியை நிறுத்திய அந்தப் பழைய அறையில், வேர்வையோடு, ஓர் ஆள். இருபத்தொரு வருடமாக நான் பத்துப் பேராகக் கேட்டுக்கொண்டிருந்த குரல் ஒற்றையாக வந்தது. மெல்லிய குரல். இவ்வளவு சின்னப் பெண்ணாக இருந்தாளா என்று எனக்குத் தோன்றியது. மகள் ஒவ்வொரு கட்டையையும் தானே அழுத்தினாள். கீழிருந்து மேலே. அவசரப்படவில்லை. ஜி ஷார்ப் வந்தபோது, அதைக் கொஞ்ச நேரம் பிடிக்கச் சொன்னேன்.

பிடித்தாள். வந்தது. விரலை எடுத்தாள். மறுபடி பிடித்தாள்.

“என்ன சொல்ல வந்தாங்க?”

போதுங்களா என்று கேட்டாள், ஒவ்வொரு சுரத்துக்கும் கேட்டாள் என்றேன்.

“எதுக்கு இத எடுத்தீங்க? யாரு அம்மாவக் கூட்டிட்டு வந்தது?”

கீபோர்டுக்காரர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: “நாந்தான் அம்மணி கூப்புட்டேன். அப்ப இது தப்புன்னே தெரியலீங்க. ஊருல பூராப் பேரும் பண்ணுனாங்க.”

என்னைக் காப்பாற்றுகிறார். இத்தனை வருடம் மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டு திரிந்தேன், அவர் எனக்காகப் பொய் சொல்கிறார். அதை அப்படியே விட்டிருக்கலாம். காப்பி வந்தது. டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடை, ஆல்பம் என்று சொன்ன பொய், பஸ் ஸ்டாப், செருப்பு. சொல்லும்போது என் குரல் பட்டறைக் கணக்குச் சொல்வது போல இருந்தது. அழவில்லை. அழுதால் அவள் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும்.

“எத்தன வருசம் வெச்சிருந்தாங்க உங்கள?”

ஒன்றரை.

“ஒன்றரை வருசத்துக்கு” என்று திருப்பிச் சொன்னாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

பிறகு கீபோர்டுக்காரரிடம், மேடையில் எல்லோரையும் அறிமுகம் செய்வீர்களே, அதில் எங்கள் அம்மா பெயரை எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டாள்.

அந்த வழக்கத்தைப் பற்றி நான் இதுவரை எழுதவில்லை. எழுதாமல் தப்பிக்கலாம் என்று நினைத்தேன். கச்சேரியின் நடுவில் தாளம் மட்டும் ஓடிக்கொண்டிருக்க, ஒருவர் மைக்கைப் பிடித்து வாசிப்பவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்வார். தபலாவில் இன்னார் என்றதும் அவர் நான்கு தட்டுத் தட்டிக் காட்டுவார், கூட்டம் கைதட்டும். லீட் கித்தாரில் இன்னார், அவர் ஒரு இழுப்பு இழுப்பார். வாத்தியம் எது, குரல் எது என்று ஊர் சனம் தெரிந்துகொள்வது அந்த ஐந்து நிமிடத்தில்தான். கடைசியில், ‘மற்றும் கோரஸ்’ என்று சொல்லி முடிப்பார்கள். மூன்று பெண்களும் கும்பிடுவார்கள். பெயர் கிடையாது. எங்கள் குழுவில் அந்த மைக்கைப் பிடித்தவன் நான். என் குரல் கட்டை, தூரத்துக்குக் கேட்கும் என்று என்னிடம் கொடுத்திருந்தார்கள். நான்கு வருடம், முகூர்த்தத்துக்கு முகூர்த்தம், என் தங்கையைப் பின்னால் நிறுத்தி வைத்து ‘மற்றும் கோரஸ்’ என்று சொன்னேன். என் பெயரைச் சொல்லி நானே நான்கு கம்பியையும் இழுத்துக் காட்டியிருக்கிறேன்.

கீபோர்டுக்காரர் இதைச் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

“அப்ப நீங்களே சொல்லுங்க மாமா. இவரு அடுத்து வாசிக்கற எடத்துல, மேடையேறி எங்கம்மா பேரச் சொல்லுங்க.”

கீபோர்டுக்காரர் பதறிவிட்டார். அடுத்தது ஒரு கல்யாண வரவேற்பு. “வேறென்ன வேண்ணாலும் கேளுங்கம்மணி. கல்யாண ஊட்டுல செத்தவங்க பேரச் சொன்னா மாப்ள ஊட்டுக்காரங்க சும்மா உடுவாங்களா?”

“செத்தவங்க கொரலு மட்டும் ஆகுமுங்களா?” என்றாள்.

அவர் சாயம் போட்ட தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம், ஆறு மணிக்குள் வந்துவிடுங்கள், கூட்டம் சேர்வதற்குள் முடித்துக்கொள்ளலாம் என்றார்.

தொண்டாமுத்தூர் ரோட்டில் தென்னந்தோப்புக்கு நடுவில் புது மண்டபம். நாங்கள் போனபோது வெளிச்சம் இருந்தது. பாதி நாற்காலிகள் காலி. முன் வரிசையில் பெரியவர்கள் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். நான்காவது பாட்டு முடிந்ததும் கீபோர்டுக்காரர் கண்ணைக் காட்டினார். மேடை ஏறினேன். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு. ரிதம் பேடில் ஒரு பையன் தாளத்தை ஓடவிட்டான். இப்போது குழு என்றால் அவ்வளவுதான்: கீபோர்டு, ரிதம் பேட், பாட இரண்டு பேர். நான்கு பெயரையும் சொன்னேன். ஆளுக்குக் கொஞ்சம் கைதட்டல். பிறகு, கோரஸ் என்றேன். என் தங்கையின் பெயரைச் சொன்னேன். இறந்தவர் என்று சொல்லவில்லை. கீபோர்டுக்காரர் அடுக்கை எல்லாம் அணைத்துவிட்டு ஒற்றைக் குரலில் நான்கு சுரம் வாசித்தார். கூட்டம் கைதட்டியது. மற்றவர்களுக்குத் தட்டிய அதே அளவு. ஒரு அம்மா மேடையின் பின்பக்கம் அந்தப் பெண் எங்கே என்று எட்டிப் பார்த்தார். அங்கே கூலர் பெட்டிதான் இருந்தது.

மகள் கடைசி வரிசையில் நின்றிருந்தாள். கைதட்டவில்லை. நான் இறங்கி வந்ததும் போலாமுங்களா என்றாள். சாப்பிடாமல் கிளம்பினோம்.

டூவீலரில் காந்திபுரம் தாண்டினோம். சரவணம்பட்டி ரோட்டில் சிக்னல் விழுந்து நின்றபோது பின்னாலிருந்து கேட்டாள்.

“உங்களுக்கு இப்ப லேசாயிருச்சுங்களா மாமா?”

கொஞ்சம் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

“எனக்கு ஆகல” என்றாள். “இந்த டோனு இன்னும் எத்தன பேருகிட்ட இருக்குதுங்க?”

தெரியவில்லை, நிறைய இருக்கும் என்றேன். சிக்னல் மாறியது.

இப்போது அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதில்லை. செல்போனில் செய்தி அனுப்புகிறாள். வேறு வார்த்தை எதுவும் இருக்காது. குழு எது, மண்டபம் எது, எத்தனை மணி. எப்படிக் கண்டுபிடிக்கிறாள் என்று தெரியவில்லை. குழுக்கள் இணையத்தில் போடும் வீடியோக்களை எல்லாம் உட்கார்ந்து கேட்கிறாள் போலிருக்கிறது. நான் பட்டறையில் சொல்லிவிட்டுப் போகிறேன். போய்க் குழுத்தலைவரைப் பிடித்து விஷயத்தைச் சொல்கிறேன். சிலர் மைக்கைக் கொடுக்கிறார்கள், தங்கையின் பெயரைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். பல்லடத்தில் ஒருவன், குடித்துவிட்டு வந்திருக்கிறாயா என்று கேட்டு வாட்ச்மேனைக் கூப்பிட்டான். நான் வெளியே வந்து, கேட்டுக்குப் பக்கத்தில் பார்க்கிங் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் உள்ளே பாடுவது யாரென்று சொல்லிவிட்டு வந்தேன். அவர், அப்படிங்களா என்றார்.

இந்த மாதம் இன்னும் இரண்டு முகூர்த்தம் பாக்கி. இன்று காலை ஒரு செய்தி வந்தது. கோபிச்செட்டிபாளையம், நாளை காலை ஒன்பது மணி. ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் சரியாக இருக்கும்.